அப்பா ‘உள்ளே’ இருந்தார்: ஸ்விண்டனில் அந்தக் காலப் பிள்ளைகளும் வீடுகளும்

கேள்வி இது: “என் மகள் இங்கிலாந்தில் ஸ்விண்டனில் வேலை பார்க்கிறாள். தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒரு அம்மாவின் வீட்டில் மாடி அறை வாடகைக்கு எடுத்திருக்கிறாள். அந்த அம்மா ‘எங்கப்பா நாற்பத்து நாலு வருஷம் உள்ளே இருந்தார்’ என்றாராம். மகள் ஏதோ சிறை விவகாரம் என்று நினைத்துப் பேச்சை மாற்றிவிட்டாள். ‘ட்ரிப்’, ‘ஹூட்டர்’ என்றெல்லாம் அந்த அம்மா அடிக்கடி சொல்கிறாராம். அந்த ஊரில் அந்தக் காலக் குடும்பங்களும் குழந்தைகளும் எப்படி வாழ்ந்தார்கள்?”

சிறையே இல்லை. ஸ்விண்டனில் ‘இன்சைட்’ என்றால் ரயில்வே பணிமனைக்கு உள்ளே என்று அர்த்தம். ‘எங்க வீட்டுக்காரர் உள்ளே இருக்கார்’ என்று ஒரு பெண் சொன்னால், நல்ல இடத்தில் வேலை, வாரம் தவறாமல் சம்பளம் என்று பெருமையோடு சொல்கிறாள். அந்த அம்மா தன் அப்பாவைப் பற்றிப் பேச ஆசைப்பட்டிருக்கிறார். மகளை மறுபடி போய் அந்தப் பேச்சை எடுக்கச் சொல்லுங்கள்.

நான் அந்த ஊரில் இருபத்திரண்டு வருடம் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் செவிலியராக இருந்தேன். 1970-களின் நடுவில் நான் போனபோது என்னிடம் ஒப்படைக்கப்பட்ட முதியவர்கள் பெரும்பாலும் 1900-க்கும் 1920-க்கும் இடையில் பிறந்தவர்கள். கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடமும் பேசுவார்கள். நான் திருச்சி பொன்மலைக்காரி, எங்கப்பாவும் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர்தான், சங்குச் சத்தம் கேட்டுப் பள்ளிக்கூடம் கிளம்பிய பிள்ளை நான் என்று சொல்லிவிட்டால் போதும், அப்புறம் டீ கோப்பை வந்துவிடும். இங்கே எழுதுவதில் பாதி அந்தக் கோப்பைகளோடு வந்தது. மீதி, அந்த ஊர் வரலாற்றைத் தேடிப் படித்தது.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். ஸ்விண்டன் ஒரு குன்றின் மேல் இருந்த சின்னச் சந்தை ஊர். லண்டனிலிருந்து பிரிஸ்டல் போகும் கிரேட் வெஸ்டர்ன் ரயில் பாதைக்கு இன்ஜின் பழுது பார்க்க ஓர் இடம் வேண்டும் என்றபோது, 1840-இல் டேனியல் கூச் என்ற இளம் பொறியாளர் குன்றுக்குக் கீழே இருந்த வெட்டவெளியைத் தேர்ந்தெடுத்தார். பணிமனை 1843-இல் தொடங்கியது. அதற்கு எதிரிலேயே தொழிலாளர்களுக்காகக் கல் வீடுகள், சுமார் முந்நூறு, வரிசை வரிசையாகக் கட்டினார்கள். தெருக்களுக்கு அந்தப் பாதையில் உள்ள ஊர்களின் பெயர்கள்: லண்டன் தெரு, ரெடிங் தெரு, பிரிஸ்டல் தெரு, எக்ஸிட்டர் தெரு. 1901-இல் ஊரின் மக்கள்தொகை 45 ஆயிரத்தைத் தொட்டுவிட்டது. உச்சக்கட்டத்தில் பணிமனையில் மட்டும் 14 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். ஒரு தெருவில் பத்து வீட்டில் எட்டு வீட்டு அப்பாக்கள் ஒரே வாசலுக்குள் போய் ஒரே வாசலால் திரும்பி வந்தால், அந்தத் தெருவின் பிள்ளைகளுக்கு உலகம் எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஹூட்டர் என்பது நம் மில் சங்குதான். காலையில் ஒரு தடவையோடு விடாது. எழுப்ப ஒன்று, கிளம்பச் சொல்லி ஒன்று, வாசல் மூடப்போகிறது என்று ஒன்று, இப்படி விட்டுவிட்டு ஊதும். பல மைல் தள்ளியிருந்த கிராமங்களுக்கும் கேட்கும். 1873-இல் லிடியார்டு மாளிகையில் இருந்த போலிங்புரோக் பிரபு தூக்கம் கெடுகிறது என்று புகார் கொடுத்து அந்தச் சங்குக்கான அனுமதியையே ரத்து செய்ய வைத்தார். ஊர் ஜனங்கள் கொதித்துப்போனார்கள், கம்பெனி வேறொரு சங்கை அமைத்து ஊதியது. ஊருக்குச் சங்கு தேவைப்பட்டது. கடிகாரம் வாங்க வசதியில்லாத வீடுகளில் அதுதான் நேரம். மதியச் சங்கு ஊதினால் அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்திருக்க வேண்டும். வாசல் திறந்ததும் ஆயிரக்கணக்கான ஆட்கள் தட்டைத் தொப்பியோடு தெருவை அடைத்துக்கொண்டு வருவார்கள். அந்தக் கூட்டத்தில் தன் அப்பாவை முகம் தெரியும் முன்பே நடையை வைத்துக் கண்டுபிடித்துவிடுவேன் என்று ஒரு பாட்டி சொன்னார். அவருக்கு அப்போது ஐந்து வயது. சொல்லும்போது எண்பத்து மூன்று.

பணிமனை 1986 மார்ச்சில் மூடப்பட்டது. கடைசிச் சங்கு ஊதிய மாலை நான் எக்ஸிட்டர் தெருவில் ஒரு வீட்டில் இருந்தேன். வழக்கமாக ஊதுவதைவிட வெகுநேரம் ஊதியது போல் இருந்தது. அந்த வீட்டுப் பெரியவருக்குக் காது சரியாகக் கேட்காது. பாய்லர் பிரிவில் ஆணி அறைந்தவர்கள் பலருக்கும் அப்படித்தான். அவர் ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து அந்த அதிர்வைத் தொட்டுக்கொண்டிருந்தார். நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை.

சரி, வீட்டுக்குள் வருவோம். தரைத்தளத்தில் முன்பக்கம் ஓர் அறை, பின்பக்கம் சமையலோடு சேர்ந்த அறை, மாடியில் இரண்டு படுக்கையறை, பின்னால் சிறு முற்றம், அங்கே கழிப்பறையும் துணி துவைக்கும் கொட்டகையும். முற்றங்களுக்குப் பின்னால் ஓடும் சந்துகளை ஊர்க்காரர்கள் ‘பேக்ஸீஸ்’ என்பார்கள். பிள்ளைகளின் ராஜ்யம் அதுதான். கோலி, பம்பரம், பாண்டி எல்லாம் அங்கே. முன் அறையைத் தொடவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸ், வீட்டில் யாராவது இறந்தால், அவ்வளவுதான் அதற்கு வேலை. ஏழு பேர் பின்னறையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், முன்னறையில் பீங்கான் பொம்மைகள் வசதியாக இருக்கும். இதை நான் முதலில் கேட்டபோது எனக்கு வினோதமாகப் பட்டது. பிறகு புரிந்தது. வருடம் முழுக்கக் கரியோடும் எண்ணெயோடும் வாழ்ந்தவர்களுக்கு அழுக்குப் படாத ஓர் அறையாவது வீட்டில் இருந்தாக வேண்டும்.

திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள். இங்கிலாந்து முழுக்க அப்படித்தான் என்றாலும், எண்ணெயும் கரியும் அப்பிய ரயில்வேத் துணி தனி ரகம். அம்மா விடியும் முன்பே எழுந்து கொட்டகையில் செம்பு அண்டாவுக்கு அடியில் நெருப்பு மூட்டுவார். சோப்பைச் சீவிப் போட்டு, துணியைக் கட்டையால் குத்தி, அலசி, இரண்டு மர உருளைகளுக்கு நடுவில் விட்டுப் பிழிய வேண்டும். உருளையைச் சுற்றுவது பெண்பிள்ளைகளின் வேலை. அதில் விரல் நசுங்கிய தழும்பை எனக்குக் காட்டியவர்கள் மூன்று பேர். மழை வந்துவிட்டால் ஈரத்துணி முழுக்கப் பின்னறையில் தலைக்கு மேல் தொங்கும். அன்றைக்குச் சமைக்க நேரமில்லை, ஞாயிற்றுக்கிழமை மீந்த இறைச்சியைக் குளிராகவே வெட்டிப் போட்டு உருளைக்கிழங்கு பொரிப்பார்கள். யாரைக் கேட்டாலும் திங்கட்கிழமையைப் பற்றிச் சொல்லும்போது குரல் தாழும். அம்மாவிடம் அன்றைக்கு ஒன்றும் கேட்கக் கூடாது என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சட்டம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. இன்ஜின் பாய்லர்களைச் சுற்றியும், பிற்காலத்தில் ரயில் பெட்டிகளின் சுவர்களிலும் ஆஸ்பெஸ்டாஸ் வைத்தார்கள். அந்தத் தூசி வேலைச் சட்டையோடு வீட்டுக்கு வந்தது. சட்டையை உதறித் துவைத்தவர்கள் மனைவிமார். முப்பது, நாற்பது வருடம் கழித்து நுரையீரல் உறையில் வரும் அந்தப் புற்றுநோய்க்கு ‘ஸ்விண்டன் நோய்’ என்றே பெயர் வந்துவிட்டது. உங்கள் மகள் இருக்கும் வீட்டில் அப்படி யாரையாவது இழந்திருக்கக்கூடும். அந்தப் பேச்சு வந்தால் நிதானமாகக் கேட்கச் சொல்லுங்கள்.

குளியல் வாரத்துக்கு ஒரு முறை, அடுப்புக்கு முன்னால் தகரத் தொட்டியில். அதே தண்ணீரில் ஒருவர் பின் ஒருவராக. கடைசிப் பிள்ளைக்குக் கிடைத்த தண்ணீரின் நிறத்தைப் பற்றி எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆனால் ஸ்விண்டன்காரர்களுக்கு மற்ற தொழில் நகரங்களில் இல்லாத ஒரு வசதி இருந்தது. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன்.

1847-இல் பணிமனைத் தொழிலாளர்கள் சேர்ந்து ஒரு மருத்துவ நிதிச் சங்கம் தொடங்கினார்கள். வாரச் சம்பளத்திலிருந்து சில்லறை பிடிக்கப்படும். அதற்குப் பதிலாகத் தொழிலாளிக்கு, மனைவிக்கு, பிள்ளைகளுக்கு டாக்டர், மருந்து எல்லாம் உண்டு. பிறகு ஒரு சிறு மருத்துவமனை வந்தது. 1892-இல் மில்டன் சாலையில் பெரிய கட்டடம் எழுந்தது. அதில் மருந்தகம், டாக்டர் அறைகள், குளிக்கத் தொட்டிகள், இரண்டு நீச்சல் குளங்கள். பல் டாக்டரும் உண்டு. வேலையில் கை கால் போனவர்களுக்குப் பணிமனையிலேயே செயற்கைக் கால் செய்து கொடுத்தார்கள். 1948-இல் இங்கிலாந்து முழுவதற்கும் பொது மருத்துவச் சேவை வந்தபோது நாடெங்கும் கொண்டாட்டம், ‘எங்களுக்கு அது பழைய செய்தி’ என்று ஸ்விண்டன்காரர்கள் இருந்தார்களாம். அந்தச் சேவையைக் கொண்டுவந்த அமைச்சர் அனைரின் பெவன் ஸ்விண்டனையும் ஒரு முன்மாதிரியாகப் பார்த்தார் என்று அந்த ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

வெளியூர்க்காரர்கள் எழுதும்போது ‘கம்பெனி தன் தொழிலாளர்களைத் தகப்பனைப் போல் கவனித்தது’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கம்பெனி இடம் கொடுத்தது, உதவியது, உண்மைதான். ஆனால் டாக்டருக்குப் பணம் கொடுத்தது சம்பளக் கவரில் குறைந்த அந்தச் சில்லறை. அந்தக் கவரை வெள்ளிக்கிழமை வாங்கி மேசையில் கொட்டி, வாடகைக்கு ஒரு குவியல், நிலக்கரிக்கு ஒரு குவியல், இறைச்சிக் கடைக்கு ஒரு குவியல் என்று பிரித்தவர்கள் அம்மாக்கள். நூலகத்தையும் நாடக மேடையையும் வைத்திருந்த மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட்டும் அப்படித்தான், உறுப்பினர் சந்தாவில் வளர்ந்தது. 1850-களில் திறந்த அந்தக் கட்டடம் ரயில்வே வீடுகளுக்கு நடுவில் இன்றும் நிற்கிறது, பணிமனை மூடியதிலிருந்து பாழாக. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

இப்போது ட்ரிப். அந்த அம்மா கண்ணில் வெளிச்சத்தோடு சொல்லியிருப்பார். 1849-இல் இன்ஸ்டிடியூட் உறுப்பினர்களையும் குடும்பங்களையும், சுமார் ஐந்நூறு பேரை, ரயிலில் ஒரு நாள் ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கூட்டிப்போனார்கள். அது வருடா வருடம் பெருத்து, முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் 25 ஆயிரம் பேர் வரை ஊரைவிட்டுக் கிளம்பும் திருவிழாவானது. ஜூலை தொடக்கத்தில் பணிமனையை மூடிவிடுவார்கள். தொழிலாளர் குடும்பங்களுக்கு ரயிலில் கட்டணம் கிடையாது. ஸ்டேஷன் நடைமேடை அந்தக் கூட்டத்தைத் தாங்காது. அதனால் பணிமனையின் பக்கத் தண்டவாளங்களிலேயே வண்டிகளை நிறுத்தி, தரையிலிருந்து ஏணி வைத்து ஏற்றுவார்கள். பாட்டிமார்களைக் கீழிருந்து தள்ளி, மேலிருந்து இழுத்து, கைக்குழந்தையை ஜன்னல் வழியாகக் கொடுத்து, எல்லாம் விடிவதற்கு முன்பே நடக்கும். பிள்ளைகள் முந்தின இரவு தூங்கவே மாட்டார்கள். அதிகம் பேர் போனது வேமத் கடற்கரைக்கு. ‘கடலோர ஸ்விண்டன்’ என்றே அதற்குப் பெயர். போன இடத்திலும் பக்கத்து வீட்டுக்காரர்தான் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருப்பார். அப்பாக்கள் கோட்டும் தொப்பியும் கழற்றாமல், பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு கடலில் நிற்பார்கள். தன் அப்பாவின் பாதம் எவ்வளவு வெள்ளை என்று அன்றைக்குத்தான் முதல்முதலில் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னார்.

ஆனால் அந்த விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. 1930-களின் கடைசி வரை அப்படித்தான். பயணம் இலவசம், தங்குமிடம் இலவசமில்லை. வருடம் முழுக்கத் தகர டப்பாவில் வாரம் கொஞ்சம் போட்டு வைப்பார்கள். தங்கும் வீட்டில் அறையை மட்டும் எடுத்துக்கொண்டு, சாப்பாட்டுச் சாமானைத் தாங்களே வாங்கிக் கொடுத்து வீட்டுக்கார அம்மாவைச் சமைக்கச் சொல்வார்கள். அதுவும் முடியாதவர்கள் இலவச ரயிலில் காலையில் போய் இரவே திரும்பினார்கள். எல்லோரும் மணலின் நிறத்தையும் ஐஸ்கிரீமையும் சொல்லும்போது, ஒரு பெண்மணி மட்டும் திரும்பி வந்த அடுத்த வாரத்தைச் சொன்னார். சம்பளக் கவர் இல்லாத வெள்ளிக்கிழமை. ரொட்டியும், இறைச்சி வறுத்ததில் வடிந்த கொழுப்பும், உப்பும்தான் சாப்பாடு. “அம்மா எனக்குப் பசிக்கவில்லை என்பார். கடலுக்குப் போய்விட்டு வந்தால் அம்மாவுக்குப் பசிக்காது என்று நான் பல வருடம் நம்பினேன்” என்றார்.

ட்ரிப் முடிந்து ஆகஸ்டில் பிள்ளைகள் திருவிழா, பணிமனைக்கு அருகே இருந்த பூங்காவில். ராட்டினம், பாண்டு வாத்தியம், இரவில் வாணவேடிக்கை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரிய துண்டு உலர்பழ கேக்கும் டீயும், ராட்டினத்தில் ஒரு சுற்றும் இலவசம். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சமமாக வெட்ட வேண்டுமே, அதற்கென்றே கேக் வெட்டும் இயந்திரம் வைத்திருந்தார்கள். ரயில் இன்ஜின் செய்கிற ஊர் வேறு எப்படி வெட்டும்! 1939-இல் போர் வந்ததோடு அது நின்றது. உங்கள் மகளின் வீட்டுக்கார அம்மா கடைசித் திருவிழாக்களில் ஒன்றைச் சிறுபிள்ளையாகப் பார்த்திருக்க வேண்டும்.

சாப்பாட்டில் அந்தப் பகுதிக்கே உரியது லார்டி கேக். ரொட்டி மாவைத் தட்டி, பன்றிக் கொழுப்பும் சர்க்கரையும் உலர்திராட்சையும் பரப்பி, மடித்து மறுபடி தட்டி, இப்படிப் பல மடிப்பு செய்து சுடுவது. அடியில் சர்க்கரை பாகாகி ஒட்டும். அந்த அடிப்பக்கத்துக்குப் பிள்ளைகளுக்குள் சண்டை வரும். காய்கறி ஊரோரத்துக் குத்தகைத் தோட்டத்திலிருந்து. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாக்களைத் தேவாலயத்தில் தேடுவதைவிட அங்கே தேடினால் சீக்கிரம் கிடைப்பார்கள். பிள்ளைகளை மட்டும் ஞாயிறு வேதப்பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள்.

போருக்கு முன் பள்ளிக்கூடம் பதினான்கு வயதோடு முடிந்தது. பையன்களுக்கு அப்பா ஒரு வார்த்தை சொன்னால் ‘உள்ளே’ இடம். பெண்பிள்ளைகளுக்குக் கடை, வீட்டு வேலை, அல்லது 1915-இல் வந்த வில்ஸ் சிகரெட் தொழிற்சாலை. படிப்பில் கெட்டிக்காரியாக இருந்தும் சீருடை வாங்கப் பணமில்லாமல் மேல்பள்ளிக்குப் போகாத பெண்களை நான் நிறையப் பார்த்தேன். அவர்கள் வீட்டில்தான் புத்தகம் அதிகம் இருக்கும்.

அந்த வீட்டுக்கார அம்மாவின் தலைமுறைக்குச் சிறுவயது என்றால் போரும் பங்கீட்டு அட்டையும். லண்டனிலிருந்து குண்டுக்குத் தப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள் வந்து கட்டிலைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். இனிப்புக்குப் பங்கீடு 1953 பிப்ரவரியில்தான் நின்றது, இறைச்சிக்கு 1954 ஜூலையில். 1960 மார்ச்சில் நாட்டின் ரயில்வேக்கான கடைசி நீராவி இன்ஜின் ‘ஈவ்னிங் ஸ்டார்’ இந்தப் பணிமனையில்தான் முடிந்தது. அதன் படம் நான் போன வீடுகளில் பாதியில் சுவரில் இருந்தது, நம் வீடுகளில் சாமி படம் இருக்கும் இடத்தில்.

மகள் செய்ய வேண்டியது: பழைய பணிமனைக் கட்டடங்களில் இப்போது கடைகளும், ‘ஸ்டீம்’ என்ற ரயில்வே அருங்காட்சியகமும் இருக்கின்றன. ரயில்வே வீடுகள் பக்கமிருந்து தண்டவாளத்துக்கு அடியில் ஒரு நடைச் சுரங்கம் உள்ளே போகும். அந்த அம்மாவின் அப்பா போன வழிகளில் அதுவும் ஒன்றாக இருக்கலாம். அவரால் நடக்க முடிந்தால் கையைப் பிடித்து அதன் வழியாகக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். முடியாவிட்டால் வீட்டிலேயே, டீ போட்டுக் கொடுத்துவிட்டு, “ட்ரிப்புக்கு நீங்கள் எந்த ஊருக்குப் போவீர்கள்?” என்று கேட்கட்டும். அன்று மாலைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம்.